எட்டு மணிப் பால்

டாக்டர் தந்த காகிதத்தில் என் மகனுக்கு நான்கு வரி, எனக்கு ஒன்பது வரி. கத்தி படப்போவது ஏழு மாதப் பிள்ளையின் உடம்பில், கட்டளையெல்லாம் என் தலையிலா என்று தூத்துக்குடி ஆஸ்பத்திரி வாசலைக் கார் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். கேட்பதற்கு ஆள் வேண்டுமே, காக்கா ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்போம். என் காக்கா பொறுமைசாலி. பழையகாயல் வரும்வரை வாயே திறக்கவில்லை. பிறகு மெதுவாக, "ஏளா, அந்த ஒம்பது வரியில 'வாய மூடிக்கிட்டு இருக்கணும்'னு ஒரு வரிகூடவா இல்ல?" என்று கேட்டார்.

பிள்ளைக்கு வந்திருந்தது குடலிறக்கம். அவன் அழும்போதெல்லாம் இடது தொடை சேரும் இடத்தில் ஒரு புடைப்பு எழும்பும், அழுகை நின்றதும் அமுங்கிவிடும். ஆண் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான், சின்ன ஆபரேஷன், அன்று சாயங்காலமோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். மதுரையிலிருந்து இதற்கென்றே ஒரு டாக்டர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவார். "அதுவரைக்கும் அவனை ரொம்ப அழ விடாதீங்க. குடல் இறங்கி அங்கேயே மாட்டிக்கிட்டா அவசரமாயிடும்" என்றார் அன்று எங்களைப் பார்த்த டாக்டர்.

சரி என்று தலையாட்டினேன். அடுத்த அறையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார். பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் என்றால் காலை ஆறு மணிக்குப் பிறகு கூழ் கூடாது, எட்டு மணிக்குப் பிறகு தாய்ப்பால் கூடாது. மயக்கத்தில் வயிற்றில் இருக்கும் பால் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விட்டால் பிள்ளை மூச்சுக்குத் திணறிவிடும் என்றார். என்னையும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் போல் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். ஒப்பித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு டாக்டர் அழ விடாதே என்கிறார், இன்னொரு டாக்டர் பால் கொடுக்காதே என்கிறார். என் மகனின் அழுகையை நிறுத்த உலகத்தில் இருந்த ஒரே வழி பால்தான்.

அதனால் ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தேன். கைவசம் பத்து நாள் இருந்தது.

ஒத்திகைக்கு வந்தவள் மச்சி, காக்காவின் மனைவி. என்னைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் காக்காவின் மனைவி என்பதால் நான் அவளை 'நீங்க' என்று சொல்ல வேண்டும், அவள் என்னை 'ஏளா' என்பாள். இந்த அநியாயத்தைக் கேட்பதற்கு ஆள் இல்லை. எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்படிக் காக்கா மூன்று தெரு தள்ளி மச்சி வீட்டில் இருக்கிறார். என் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், அவர் துபாயில் இருக்கிறார். மச்சிக்கு ஐந்து மாதத்தில் ஒரு மகள். அந்தப் பெண் பிறந்த அன்றே எங்கள் வீட்டுப் பெண்கள் அவளுக்கும் என் மகனுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மாப்பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதம், தலைகூட நிற்காது.

மச்சி தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, வீடுகளுக்கு இடையில் பெண்கள் நடக்கும் முடுக்கு வழியாக வந்துவிடுவாள். ரப்பர் நிப்பிள் வாங்கி வைத்துப் பார்த்தோம். இதில் பால் வராது என்று ஒரு சப்பில் கண்டுபிடித்து என் மடியிலேயே துப்பினான். மயக்கம் கொடுக்க மூக்கில் ஒரு மூடி வைப்பார்கள், அதற்கும் பழக்குவோம் என்று டீ குடிக்கும் காகிதக் கோப்பையை மூக்கில் வைத்தோம். அது அவனுக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததால் தின்ன ஆரம்பித்தான். துபாயிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த என் மாப்பிள்ளை, "இங்க பாரு வாப்பாவ" என்று தானும் ஒரு கோப்பையை மூக்கில் கவிழ்த்தார். பிள்ளை அலறிய அலறலில் புடைப்பு எழும்பி, அதை அமுக்குவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நீங்க வீடியோவ ஆப் பண்ணுங்க முதல்ல, உதவி செய்தது போதும்" என்றேன்.

ஒன்பது வரியையும் சும்மா சொல்லக் கூடாது, யோசித்துத்தான் எழுதியிருந்தார்கள். முன்பக்கம் திறக்கும் உடுப்பு போட வேண்டும். அத்தர் பூசக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அடிக்கோடு போட்ட வரி ஒன்று இருந்தது. கடைசிப் பால் கொடுத்த பிறகு பிள்ளையை நான் தூக்கக் கூடாது, வேறு யாராவது தூக்க வேண்டும், தாயின் மேல் பால் வாசம் வந்தால் பிள்ளைக்குப் பசி கூடிவிடும். அந்த வேறு யாராவது மச்சிதான் என்று பேசி முடித்தோம். அவளும் பால் கொடுக்கிறவள் என்பது பத்து நாளில் ஒரு நிமிடம்கூட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை பெண்கள் இருக்கிற வீட்டில் ஒருத்திக்கும் தோன்றவில்லை!

பிள்ளையின் நான்கு வரியில் கடைசி வரி வீட்டையே கலக்கியது. உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. வெள்ளி அரைஞாண், கறுப்பு வளையல், மைப்பொட்டு, கழுத்துத் தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாணை உம்மாவே கழற்றித் தந்தாள். தாயத்துக்கு உம்மாவின் அக்கா, எங்கள் பெரியும்மா, மறியல் செய்தாள். "ஆபரேசன் செய்யுத எடம் கீழ இருக்கு, தாயத்து மேல இருக்கு, டாக்டருக்கு என்ன எடைஞ்சல்?" என்பது அவள் வாதம். கடைசியில் தாயத்தை நான் போட்டுக்கொள்வது என்று சமாதானமானது. ஏழு மாதப் பிள்ளையின் கயிறு என் கழுத்தில் எப்படி ஏறும்? மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவும் சரியாகச் செய்த நான் ஒரு வரியை மட்டும் மீறினேன். வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்ற வரி.

எங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றால் நோன்பு வைப்போம். பரீட்சைக்கு வைப்போம், விசாவுக்கு வைப்போம், பிரசவத்துக்கு வைப்போம். பால்குடிப் பிள்ளை நான்கு மணி நேரம் பட்டினி கிடக்கும்போது தாய்க்காரி உட்கார்ந்து இட்லி தின்பதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ரமலானிலேயே பால் கொடுக்கிறவளுக்கு விலக்கு உண்டு, அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் விடிகாலை சுபுஹுக்கு முன்பு ஒரு பேரீச்சம்பழம் தின்று, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, மனசுக்குள் நோன்புக்கு நிய்யத் வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. உம்மா இட்லியை நீட்டியபோது, அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறேன் என்று வாங்கிப்போய் ஜன்னல் வழியாக ஆட்டுக்குப் போட்டேன். ஆடு நான்கையும் தின்றது.

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் வாயிலிருந்து மார்பை எடுத்தேன். மச்சி தன் மகளைத் தன் உம்மாவிடம் விட்டுவிட்டு வந்து தயாராக நின்றாள். பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். உப்பளம் வரும்வரை அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "பாத்தியா, இவன் தங்கமான பிள்ள" என்றார் காக்கா. அந்த மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் கண் பட்டுவிடும்.

பத்தரைக்கு அவனுக்குப் பசி வந்தது. முதலில் கையைத் தின்றான். பிறகு மச்சியின் தோளைத் தின்றான். பெண்கள் காத்திருக்கும் கூடத்தில் நான் ஏழு பெஞ்சு தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி அழுதான் பாருங்கள், எனக்குப் பால் சுரந்து உடுப்பு நனைந்துவிட்டது. மச்சி அவனைத் திருப்பித் தூக்கிக்கொண்டு நடந்தாள், பாடினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள். அழுகை கூடிக்கொண்டே போனது. அவனைப் பார்க்காமல் வெளியே போய்விடுவோம் என்று நான் எழுந்தேன். கூடம் ஒரு சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது வேறொரு அறையில் படுத்திருந்தேன். மேலே ஒரு முகம் தெரிந்தது. காலையில் எங்களைப் பதிவு செய்த மூத்த சிஸ்டர், கடற்கரைக்காரி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி.

"காலையில கேட்டப்ப நாலு இட்லின்னு சொன்னியே, எந்த வயித்துக்குள்ள போச்சு அது?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "நோன்பு, சிஸ்டர்" என்றேன்.

"ஏளா, ஒன் பிள்ளைக்குத்தான வெறும் வயிறு? ஒனக்கு எவ சொன்னா? ஆண்டவரு ஒன்கிட்ட பட்டினியா கேட்டாரு? பாலு குடுக்கத்தான ஒன்ன வச்சிருக்காரு!" என்று சொல்லிக்கொண்டே சாத்துக்குடி ஜூஸை வாயில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், பாதி தம்ளர் உள்ளே போய்விட்டது. நோன்பும் போச்சு, மானமும் போச்சு. எழுந்து நிற்க அரைமணி நேரமானது.

கூடத்துக்குத் திரும்பியபோது பதினொன்றே முக்கால். பிள்ளை மச்சியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் ஒரு சிரிப்பு வேறு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மச்சி, ஒங்க கையில என்னதான் வச்சிருக்கிய? நான் ஏழு மாசமா பாடுபடுதேன், அரைமணி நேரத்துல அமத்திட்டியளே!" என்று ஏதேதோ புகழ்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. விழுந்தவளைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மயக்க மருந்து டாக்டரம்மா பச்சை உடுப்பில் வந்தார். சிஸ்டர் பின்னாலேயே ஒரு குட்டிப் பச்சைச் சட்டையைக் கொண்டுவந்து அவனுக்குப் போட்டுவிட்டார்.

"கடைசியா எப்பம்மா பால் குடிச்சான்?"

"எட்டு மணி டாக்டர். எட்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே எடுத்துட்டேன்" என்றேன். முதல் மார்க் வாங்கியவள் மாதிரி சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். கையை நீட்டினார். நானும் மச்சியிடமிருந்து அவனை வாங்கி அவர் பக்கம் நீட்டிவிட்டேன்.

"டாக்டர், இருங்க" என்றாள் மச்சி. "நான் குடுத்தேன்."

"என்ன குடுத்தீங்க?"

"பால். என் பால்."

டாக்டரம்மா நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். "எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "பதினொண்ணு பத்து. ஏழெட்டு நிமிஷம் குடிச்சிருப்பான்" என்றாள் மச்சி. மணி பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டாக்டர் இருக்கிறார், ஜனங்கள் இருக்கிறார்கள், எதையும் நான் பார்க்கவில்லை. 'ஒங்க மவளா இருந்தா இப்படிச் செய்வியளா? உள்ள போய் அவன் செத்துப்போயிருந்தா?' என்று கத்திவிட்டேன். அந்தக் கூடத்தில், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் இத்தனை பேர் நடுவில், செத்து என்ற வார்த்தையைச் சொன்ன ஒரே ஆள் நான்தான். மச்சிக்குக் கண்ணீர் கொட்டியது.

டாக்டரம்மா பிள்ளையின் சட்டையை விலக்கி இடுப்புக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். "மெதுவாத்தான் இருக்கு, பயமில்ல. வேற ரெண்டு கேஸை முதல்ல எடுத்துக்கிடலாம். இவனை மூணரைக்கு" என்றார். போகிற வழியில் மச்சியின் பக்கம் நின்றார். "நல்லவேளை சொன்னீங்க. இன்னும் அஞ்சு நிமிஷத்துல நான் மாஸ்க் வச்சிருப்பேன்." பிறகு என்னைப் பார்த்தார். காகிதத்தில் எழுதிய எட்டு மணியை என் கண் முன்னே அடித்துவிட்டுப் போனார். அது இன்னும் மோசம்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே. உம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பிள்ளை எப்படி இருக்கிறான், எப்போது ஆபரேஷன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டாள், ஒரு நிமிடம் கேட்டாள். அதற்குள் பக்கத்திலிருந்த பெரியும்மாவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. மச்சியிடம் பால் குடித்துவிட்டானே, இப்போது அவன் அவள் மகளுக்குப் பால்குடி அண்ணன் அல்லவா, ஒரே தாயிடம் பால் குடித்தவர்களுக்குள் மார்க்கத்தில் கல்யாணம் கூடாதே, பேசி வைத்த சம்பந்தம் என்னாவது? "ஒரு நேரம் குடிச்சா கணக்கு இல்ல, அஞ்சு நேரம் வயிறு நெறைய குடிக்கணும்" என்று பின்னால் யாரோ ஒரு குரல் தீர்ப்புச் சொன்னது. அல்ஹம்துலில்லாஹ் என்று பெரியும்மா மூச்சு விட்டது எனக்குத் தூத்துக்குடி வரை கேட்டது. போனை வைத்துவிட்டேன். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மச்சி கூடத்தின் ஒரு கோடியில், நான் மறுகோடியில். பிள்ளையைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே துறைமுகத்துக்குப் போகும் சாலை. கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். லாரி ஹாரன் அடித்தால் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்க்கிறான் என்பதைக் காக்கா கண்டுபிடித்தார். ரப்பர் நிப்பிளும் கோப்பையும் சாவிக்கொத்தும் செய்யாததை ஒரு லாரி செய்தது. ஒரு குடையை விரித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். லாரிக்காரர்களுக்குக் கையைத் தூக்கி ஹாரன் அடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். எங்கள் காக்கா! தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால்கூட எதிர்ச்சாரிக்குப் போகிறவர்.

ஒரு மணிக்கு சிஸ்டர் வந்தார். எனக்கு இரண்டு இட்லியைத் தின்னக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை எதிரே நின்றார். இரண்டு மார்பும் கல்லாகிக் கிடந்தன, கையைத் தூக்க முடியவில்லை. அது அவர் கண்ணில் பட்டது. அதே கண் அடுத்த கோடிக்குப் போனது. அங்கே மச்சியும் புர்காவுக்குள் கையை மடக்கிக்கொண்டு நெளிந்தாள். அவள் மகள் காலையிலிருந்து வீட்டில் அல்லவா.

"ரெண்டு பேரும் எந்திரிங்க. இப்படியே அவனத் தூக்குனா மோப்பம் புடிச்சு ஊரக் கூட்டிருவான்" என்று எங்களை ஒரு சின்ன அறைக்குள் தள்ளி, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்.

ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம். என் தம்ளரில் சொய்ங் என்று ஒரு சத்தம். அவள் தம்ளரில் சொய்ங் என்று ஒரு சத்தம். நான் நிறுத்தினால் அவள், அவள் நிறுத்தினால் நான். எங்கள் இருவர் கோபத்துக்கும் இந்தச் சத்தத்துக்கும் கொஞ்சமும் ஒட்டவில்லை. முதலில் யாருடைய முதுகு குலுங்கியது என்று தெரியவில்லை. அவள் அழுகிறாளோ என்று திரும்பினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அல்லாஹ்வே, அப்படி ஒரு சிரிப்பு! கதவுக்கு வெளியே சிஸ்டர், "உள்ள கறக்கியளா, கூத்தாடுதியளா?" என்று அதட்டினார்.

சிரித்து ஓய்ந்ததும் மச்சி சொன்னாள். "நீ விழுந்ததப் பாத்து அவன் அலறுனான். நிறுத்தவே இல்ல. தொட்டுப் பாத்தேன், கொட்டப்பாக்கு கணக்கா இறுகிப்போய்க் கெடக்கு. அமுக்குனேன், போகல. ஒன்னயக் காணோம், எல்லாரும் ஒன்பின்னால ஓடிட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவன் மூஞ்சி நீலம் பாஞ்சிருச்சுளா. எனக்கு அங்கன பால் சொரந்துட்டு. வச்சிட்டேன். ரெண்டு மொடக்குல அமுங்கிட்டு."

எல்லாரும் என் பின்னால் ஓடியதால்தான் அவனைப் பார்க்க ஆளில்லாமல் போனது. அவள் தெரிந்து சொன்னாளோ தெரியாமல் சொன்னாளோ, எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"சொல்லாம இருந்திருவோம்னுதான் நெனச்சேன்" என்றாள். "நீ வந்து என்னப் புகழ்ந்தியே, அப்ப நெனச்சேன். ஏழெட்டு நிமிசப் பாலுதான, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன். அந்த டாக்டர் எட்டு மணின்னு எழுதுற வரைக்கும் நெனச்சேன்."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது. அவளைப் பார்த்து நான் என்ன வார்த்தை கேட்டேன்! "மச்சி, நான் பசியில பேசிட்டேன்னு சொன்னா பொய். திமிர்ல பேசிட்டேன். என்ன மன்னிச்சிருங்க" என்றேன். "நோன்ப வச்சிக்கிட்டு அந்தப் பேச்சுப் பேசுனியே" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். தம்ளர் இரண்டையும் தொட்டியில் கவிழ்த்தபோது இருவருக்குமே வயிறு எரிந்தது. பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது பாலைக் கொட்டுவது லேசான காரியமில்லை.

இரண்டரைக்கு லாரிகளின் மவுசு குறைந்தது. அதன் பிறகு அவனை நானும் மச்சியும் பத்துப் பத்து நிமிடம் மாற்றி மாற்றித் தூக்கினோம். எங்கள் இருவரிடமும் இப்போது ஒன்றுமில்லை என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், அழுவதைவிட முறைத்ததே அதிகம். புடைப்பு இரண்டு தடவை எழும்பியது. இரண்டு தடவையும் மச்சி சூடான உள்ளங்கையை வைத்து அமுக்கினாள், போய்விட்டது. கடிகாரத்தை நான் அன்று பார்த்த மாதிரி பரீட்சைக்குக்கூடப் பார்த்ததில்லை.

மூன்றரைக்கு டாக்டரம்மா வந்தார். "கடைசியா எப்ப?" என்று மறுபடி கேட்டார். இந்தத் தடவை நான் மச்சியைப் பார்த்தேன். "பதினொண்ணு பத்து. அதுக்குப் பெறகு ஒரு சொட்டு இல்ல" என்றாள். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். கதவு மூடும்போது அவன் அவருடைய தோளுக்கு மேல் எங்களைப் பார்த்தான். அழவில்லை. அவர் முகமூடியைப் பிடித்துத் தின்னப் போனான்.

அந்த முக்கால் மணி நேரத்தை எழுதுவதற்கு என்னிடம் சரக்கு இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். இப்போது அவன் உயரத்துக்கு எட்டாத மிட்டாய் டப்பாவுக்காக ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிறவனாகிவிட்டான், இருந்தாலும் அந்தக் கதவு இன்றும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன், பாதியில் மறந்து வேறொன்றில் போய்ச் சேர்ந்தேன். மச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து என் விரலை நசுக்கிக்கொண்டிருந்தாள். துபாயிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. காக்காதான் எடுத்தார். "இன்னும் இல்ல மச்சான். இன்னும் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

நாலே காலுக்கு மதுரை டாக்டர் வெளியே வந்து, முடிந்தது, நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குள் போனார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, கண் விழித்துவிட்டான், தாய் மட்டும் வரலாம் என்று சிஸ்டர் கூப்பிட்டார்.

பச்சைத் திரை போட்ட ஒரு மூலையில் அவனை என் மடியில் வைத்தார்கள். தொண்டை கம்மிப்போய், கோழிக்குஞ்சு மாதிரி அழுதான். கண் இன்னும் சரியாக நிற்கவில்லை. குடிக்கிறானா பாருங்கள் என்றார் டாக்டரம்மா. காலையிலிருந்து என்னென்னவோ பாடு பட்டு மறைத்த மார்பை இப்போது வைத்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தேன். திருப்பிக்கொண்டான். எனக்கு உயிரே போய்விட்டது. மூன்றாம் தடவை வாயில் ஒரு சொட்டுப் பட்டதும் நாக்கை நீட்டி ருசி பார்த்தான். பிறகு பிடித்துக்கொண்டான்.

திரைக்கு அந்தப் பக்கம் ஆள் வரக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன, மச்சியின் பாதங்கள்.

"ஏளா" என்று மெதுவாகக் கேட்டாள். "குடிக்கானா?"

நான் குனிந்து அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏளா, சொல்லு. உள்ள எறங்குதா?"

"எறங்குது மச்சி" என்றேன். "மொடக்கு மொடக்கா எறங்குது."

அந்த இரண்டு பாதங்களும் அப்படியே மடங்கின. தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து சேர்த்து வைத்த அழுகையை ஓங்கி அழுதாள். மடியில் இருந்தவன் ஒரு நொடி குடிப்பதை நிறுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டான், பிறகு மறுபடியும் குடித்தான்.